நடுங்காத கை

காலை ஏழரைக்கு வெட்டுக்களத்தில் எல்லோரும் ஆளுக்கொரு வெட்டுக் கிரைண்டரைப் பிடித்தபடி நின்றார்கள். யாரும் ஓட்டவில்லை. வெறுமனே பிடித்து நின்றார்கள், ஒரு நிமிடம். கைப்பிடிக்குள் இருக்கும் பிடிமானி நாடியையும் நடுக்கத்தையும் படித்து முடித்ததும் விளக்கு எரியும். பச்சை என்றால் கருவி திறக்கும். சிவப்பு என்றால் பந்தலுக்குப் போய் உட்கார்ந்து, மனசு ஆறியபின் திரும்பி வர வேண்டும்.

மனம் கலங்கியவர் கையில் சுழலும் கருவி எதுவும் ஓடக் கூடாது என்று சட்டம் வந்து ஒன்பது வருடமாகிறது. அதற்குப் பிறகு கயத்தாறு களத்தில் யாருக்கும் விரல் போகவில்லை. ஆயுள் முடிந்த காற்றாலை இறகுகள் பனைமர நீளத்தில் வரிசையாகக் கிடக்கும். அவற்றைத் துண்டு போடுவதுதான் வேலை.

சேர்மராஜுக்குப் பச்சை எரிந்தது. நிதானம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. நேற்றும் அதேதான். மனைவி இசக்கியை அடக்கம் செய்துவிட்டு வந்த நான்காம் நாள் காலையிலும் அதேதான். பதினோரு மாதமாக ஒரு புள்ளி இறங்கவில்லை. அலுவலகச் சுவரில் அவன் பிடிமானி வரைந்த கோட்டை எல்லோரும் பார்க்க அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஆணி அடித்துக் கட்டிய நூல் மாதிரி நேராக இருக்கும்.

களத்தில் அவனுக்குப் பெயர் சாவி.

"எய்யா சாவி, இங்க கொஞ்சம் வா." லூர்துமேரி தன் இறகின் ஓரம் நின்று கூப்பிட்டாள். அவளுக்கு நாற்பது வயது. அவன் பக்கத்து இறகில் வெட்டுகிறவள். அவள் கிரைண்டரில் சிவப்பு.

"எத்தனாவது, அக்கா?"

"இந்த மாசம் மூணாவது. தங்கச்சிக்கு இன்னைக்கு பாளையங்கோட்டையில ஆபரேஷன். இந்நேரம் உள்ள கொண்டு போயிருப்பாவ. பந்தல்ல உக்காந்தா மட்டும் ஆறுமாக்கும்?"

மூன்றாவது சிவப்பை மேற்பார்வையாளர் குறிப்பேட்டில் பதிந்தால் வெட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதற்கும் களத்தில் ஒரு வழி இருந்தது. ஓடும்போதும் பிடிமானி படித்துக்கொண்டேதான் இருக்கும்; ஆனால் வெட்டும் தட்டு இறகுக்குள் இறங்கிவிட்டால், கருவியின் அதிர்வில் நாடியும் நடுக்கமும் அதற்குத் தெரியாது. ஆகவே பச்சைக்காரன் ஒருவன் தன் கருவியைத் திறந்து, வெட்டில் இறக்கி, விசையை விடாமல் சிவப்புக்காரர் கைக்கு மாற்றிக் கொடுப்பான்; அவர் கருவியைத் தன் பிடியில் திறந்து எடுத்துக்கொள்வான். இந்த வருடம் முழுக்க அந்தப் பச்சைக்காரன் சேர்மராஜ்தான். ஒரே காலையில் நான்கு பேருக்குக்கூடத் திறந்து கொடுத்திருக்கிறான்.

"ஞானதுரை அண்ணாச்சி டீ குடிக்கப் போயாச்சு. சீக்கிரம்."

அவன் தன் கிரைண்டரை எடுத்து வந்தான். லூர்துமேரி எதிரே வந்து, வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். அவன் விசையை அழுத்தினான். தட்டு சுழன்றது. இரைச்சலுக்கு அடியில் மெல்லிய விசில் ஒன்று கேட்டது.

நேற்று மாலை புதுத் தட்டை மாட்டும்போது அது கைநழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்துத்தான் மாட்டினான். காற்றுத் துளைகளில் அடைந்த தூசியைத் துடைத்தான். காப்பு மூடியைக்கூட இறுக்கினான். விழுந்த தட்டை மட்டும் தூரப் போடவில்லை. விழுந்ததை மாட்டக் கூடாது என்று களத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். உடைந்தால் உடையட்டும் என்றுகூட அவன் நினைக்கவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை. குனிந்து எடுத்தான், மாட்டினான், வீட்டுக்குப் போனான்.

லூர்துமேரியின் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே மணிக்கட்டு கொஞ்சம் வெளியே தெரிந்தது. அங்கே நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. தட்டுக்கும் அதற்கும் ஒரு முழம்.

விரலை எடுக்க அவனுக்குத் தோன்றுவதற்கு முன்பே கிரைண்டர் நின்றுவிட்டது. சிவப்பு எரிந்தது. முப்பத்தொன்று.

அவன் தன் கையைப் பார்த்தான். நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னல ஆச்சு?" என்றாள்.

அவன் பேட்டரியைப் பிடுங்கினான். ஸ்பேனரைப் போட்டுத் தட்டைக் கழற்றி வெயிலில் பிடித்தான். நடுத்துளையிலிருந்து விளிம்புவரை மயிரிழை போல ஒரு விரிசல். லூர்துமேரி அதைப் பார்த்தாள். தன் மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் ஞானதுரை டீக் கிளாஸோடு திரும்பி வந்தபோது பேட்டரியைக் கழற்றினாலும் அணையாத பிடிமானி விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

"என்ன வே, சாவியே பூட்டிக்கிச்சா?" என்று சிரித்தவர், லூர்துமேரியின் விளக்கைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். "மூணாவதுல்லா இது. பேரை எடுக்கணும்மா. நான் என்ன செய்ய?"

சேர்மராஜ் தட்டை அவரிடம் நீட்டினான்.

"கீழ விழுந்ததை மாட்டுனது நான். ஓட விட்டு அக்கா கையில குடுக்கப் பார்த்ததும் நான். எனக்குப் பச்சை காட்டுச்சு. தங்கச்சியை நினைச்சுப் பதறுதவளுக்குச் சிவப்பு காட்டுச்சு. இதுல யாரு ஆபத்தானவன்னு நீங்களே எழுதுங்க."

ஞானதுரை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பதினோரு மாசமா இப்பிடித்தானா?"

"பதினோரு மாசமா எனக்குப் பயமே வரலை அண்ணாச்சி. பிடிமானி அதை நிதானம்னு எடுத்துக்கிச்சு."

அவர் குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை. எழுதாமல் எத்தனை நாள் வைத்திருப்பார் என்றும் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் பந்தலுக்குப் போங்க," என்றார். போகிற வழியில் அலுவலகச் சுவரில் இருந்த அந்த நேர்கோட்டைக் கிழித்து மடித்துக்கொண்டார்.

பந்தலுக்குள் சேர்மராஜ் இதுவரை போனதில்லை. கீற்றுக்கு அடியில் இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை. காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டு வந்த ஒருவர், முந்தின நாள் வீட்டில் சண்டை போட்ட ஒருவர். எல்லோரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

லூர்துமேரி நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு."

உட்கார்ந்தான். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். எழுந்து தண்ணீர் குடித்தான். திரும்ப உட்கார்ந்தான்.

"இசக்கிக்கு என்னதான் செஞ்சிச்சு?" லூர்துமேரி கேட்டாள். "ஒருத்தருக்கும் நீ சொல்லலையே."

வெளியே கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

"அன்னைக்குக் காலையில தலைவலின்னா," என்றான். "இருங்க, இன்னைக்குப் போவாண்டாம்னு கையைப் பிடிச்சா. அவ கை நடுங்கிச்சு, அக்கா. நான் உதறிட்டு வந்தேன். சாயங்காலம் திரும்பிப் போகையில அவ உயிரோட இல்ல. அன்னைக்கும் எனக்குப் பச்சைதான்."