மாப்பிள்ளை வந்தால் போதும்

பூட்டைத் திறந்ததுமே மசூரின் மூக்கில் மருதோன்றி வாசம் அடித்தது. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த கல்வீட்டில் வௌவால் எச்சம் நாறலாம், ஈரச் சுண்ணாம்பு நாறலாம். அப்போதுதான் அம்மியிலிருந்து வழித்தெடுத்த மருதோன்றி எப்படி மணக்கும்? வெள்ளத்தில் சாய்ந்த செடி ஏதோ பக்கத்தில் அழுகுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தேவை இருக்கிறவனுக்குச் சமாதானம் சொல்ல இன்னொரு ஆளா வேண்டும்!

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம், சாய்ந்தமருதில் இருந்த அவருடைய மண்வீட்டைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மகள் ஆசியாவுக்குக் கலியாணம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவான். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை ஏது? பேசி வைத்த மாப்பிள்ளை ஸலாஹுதீனின் வீட்டார் அக்கரைப்பற்றில் வேறு பெண் பார்ப்பதாகப் பேச்சு அடிபட்டது. மசூர் ஒரு வீட்டுக்காக நாயாய் அலைந்தார். கச்சிமுகம்மது போடியார் மட்டும், கேட்பதற்கு முன்பே சாவிக்கொத்தை நீட்டினார். சிரித்தே அறியாத அந்த வயல்காரர் அன்று சிரித்தார்.

இப்போது போடியார் வேலிக் கடப்படியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்களன் போடியார்."

"பொம்புளப் புள்ளட ஊடு தம்பி. மாப்புள்ள வராம வாப்பாக்காரன் நுழையப்படாது."

தம் ஒரே மகளுக்கென்று போடியார் கட்டிய வீடு. கையில் மருதோன்றி காயும் முன்பே, கலியாணத்துக்கு முந்திய நாள், நடு அறையில் அவள் மௌத்தாகிப்போனாள். அன்று பூட்டிய அறை. பாவம் என்று மசூர் நினைத்தார். அதற்குமேல் நினைக்க அவருக்கு நேரமில்லை.

"வாடக எவ்வளவு எண்டு..."

"ஒண்டும் வேணா. மாப்புள்ள வந்தாப் போதும்."

கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஸலாஹுதீன இஞ்ச இருத்தலாம்" என்று மசூர் முணுமுணுத்தார்.

நடு அறைக்குள் குரவை எழுந்தது. கலியாண வீட்டில் பெண்கள் கூடிப் போடுகிற அதே குரவை. ஆனால் ஒரே குரல், தொண்டை காய்ந்த குரல். மசூர் சட்டென்று திரும்பினார். போடியார் கண்களை மூடி, பாட்டுக் கேட்பவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மசூர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கலியாணம் நின்றுபோகும், மகள் குமராகவே இருந்து நரைப்பாள். எதுவாக இருந்தாலும் ஓதி விரட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு பந்தலில் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளைக்குக் கால் கழுவினார்கள். பட்டுச் சால்வையைத் தோளில் இழுத்துவிட்டு ஸலாஹுதீன் படியேறினான். ஆசியா பின்னறையில் பெண்களின் நடுவே இருந்தாள். கூடத்தைக் கடந்தால் போதும்.

மருதோன்றி வாசம் மூச்சை அடைத்தது.

நடு அறைக் கதவு திறந்திருந்தது. அதன் சாவி மசூரின் மடியிலேயே இருந்தது.

யாரோ கூப்பிட்டதுபோல ஸலாஹுதீன் திரும்பினான். குனிந்து உள்ளே நுழைந்தான். கதவு சாத்திக்கொண்டது.

அப்போதுதான் மசூருக்கு உறைத்தது. வீடு எவளுடையதோ மாப்பிள்ளையும் அவளுடையவன். இது ஆசியாவின் வீடு அல்ல.

கதவில் மோதினார். தோளால் மோதினார். அசையவில்லை.

போடியார் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி வந்தார். மசூரின் கையைப் பிடித்து மெல்ல விலக்கினார்.

"சத்தம் போடாதீங்க தம்பி. மாப்புள்ள வந்த ஊடு."

உள்ளே குரவை. அதைக் கேட்டு, மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று பின்னறைப் பெண்களும் குரவை போட்டார்கள். ஆசியா வெட்கத்தோடு முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கதவின் கீழ் இடுக்கில் சால்வையின் நுனி சிக்கிக் கிடந்தது. நான்கு விரல்கள் வெளியே வந்தன. அவற்றில் மருதோன்றி இன்னும் காயவில்லை. சால்வையைத் தடவிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டன.