குளிர் அறையில் வியர்த்த மேலாளர்

புதன்கிழமை காலை, ராசா என்ற ஊரிலிருக்கும் பிரேமநாதன் வீட்டுக்கு வந்த சுகுமாறன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் புனிதாவின் செயலாளர் அவர். கசங்காத மனிதர் என்று தொகுதி முழுக்கப் பெயர். அவரே இப்படி வந்து நின்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

பிரேமநாதன் ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். பதற்றம் என்பதை வேலையோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டு வந்தவர் போல இருப்பார். அவருக்குக் கார் ஓட்டும் கணேசமூர்த்தி பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். துப்பறிவதன்மேல் அவனுக்கு இருக்கும் ஆசை, பாவம், துப்புகளுக்கு அவன்மேல் இல்லை.

பிரேமநாதனின் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்த குடும்பம். மூன்று தலைமுறை கழிந்தும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. "நேற்றுப் பிந்தி வந்ததுக்கு இவர் உங்களைப் பேசினவரோ?" என்று கணேசமூர்த்தியைக் கேட்டார்.

"ஆமாக்கா, சார் நல்லா பேசினாரு. நீலாய் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தோம்," என்றான் அவன் சந்தோஷமாக.

அவர் கணவனை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனார். பிரேமநாதன் காப்பியைக் குடித்தார்.

சுகுமாறன் கதையைத் தொடங்கினார். லிங்கி ஆற்றோரத்தில் ஒரு தோட்டம். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட காலத்தில், அங்கிருந்த பெரிய மேலாளர் தொழிலாளர்களைக் கூட்டி, வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளும் மண்ணும் அவர்களுக்கே என்று வாக்குக் கொடுத்தார். அவர் இறந்துவிட்டார். நிறுவனம் கைமாறிவிட்டது. இப்போது நிலத்தில் வீடமைப்புத் திட்டம் வருகிறது, எல்லாரும் காலி செய்யுங்கள் என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் காதால் கேட்டவர்களில் மிஞ்சியிருப்பது ஒருவர்தான்: அன்று தேத்தண்ணீர் கொண்டுபோன வள்ளிநாயகி. நாளைக் காலை, இதை விசாரிக்கும் நாடாளுமன்றத் தேர்வுக்குழு முன் அவர் சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாக்கு என்று ஒன்று இருந்ததற்கே ஆதாரம் இல்லை, வீடுகள் போய்விடும்.

"அவங்க வர மாட்டேங்கிறாங்க சார். நேத்துக் காலையில போன் போட்டு, உங்க ஒய்.பி. மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னுட்டாங்க. தோட்டமே அப்படித்தான் பேசுது."

இதைக் கேட்டு பிரேமநாதன் கோப்பையைக் கீழே வைத்தார். ஒய்.பி. என்று எல்லாரும் மரியாதையாக அழைக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் புனிதாவை அவர் அறிவார். நேரில் அல்ல, நேரலையில். மக்களவையில் மற்றவர்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருக்க, இந்தப் பெண் எழுந்து, லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி மலாயில் நாலு வரியில் ஒரு கேள்வி கேட்பார். அமைச்சர் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால், அந்தப் பதிலில் எது விடுபட்டதோ அதையே அடுத்த கேள்வியாக்குவார். வரவுசெலவு விவாதம் எத்தனை மணிக்கு இழுத்தாலும் இருக்கையை விட்டு எழுந்ததில்லை. தோட்டங்களுக்குச் சுத்தமான குழாய்த் தண்ணீர் என்ற ஒரு சின்னக் கோரிக்கைக்காக, ஏளனச் சிரிப்புகளைத் தாண்டிக் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்றவர். கடைசியில் தண்ணீர் வந்தது. அப்படிப்பட்டவரைத் தோட்டத்து மக்களே வெறுப்பதா என்று பிரேமநாதனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அதே குழு திங்கட்கிழமை நடத்திய விசாரணை எப்படி இருந்தது என்று கேட்டார். நிறுவனத்தின் இப்போதைய மேலாளரைப் புனிதா பிய்த்து எடுத்துவிட்டார் என்றார் சுகுமாறன். பொதுமக்கள் உட்கார இடம் இருந்தும் வந்தவர்கள் சிலர்தான். ஏர்கான் குளிர் தாங்காமல் தானே கோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். நடவடிக்கைக் குறிப்பு இன்னும் வெளிவரவில்லை. அறையில் தமிழ் தெரிந்தவர்கள் புனிதாவைத் தவிர மூன்றே பேர்: சுகுமாறன், நிறுவனத்தின் வழக்கறிஞர் தர்மராஜ், பின் வரிசையில் ராசாவைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை பாலேஸ்வரி. ஆசிரியை வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, புனிதாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாராம்.

"தர்மராஜ்தான் சார்," என்றான் கணேசமூர்த்தி. "வேற யாரு? நேத்து மத்தியானம் அந்த ஆளு தோட்டத்துக் கடையில உக்காந்து தே குடிச்சிருக்கான்னு இவரே சொல்றாரே."

"போய்ப் பார்ப்போம்," என்றார் பிரேமநாதன்.

தோட்டத்தில் கடை வைத்திருப்பவர் செல்லம் என்ற பெண். லயத்துக்கு எந்தச் செய்தி வந்தாலும் அவர் கல்லாவைத் தாண்டித்தான் போக வேண்டும். புனிதா பெயரை எடுத்ததும் அவர் முகம் கறுத்தது. வள்ளிநாயகியும் அங்கேதான் இருந்தார்; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கம்பெனிக்காரனுங்ககிட்ட நல்லா பேசினாங்களாம்," என்றார் செல்லம். "ஒரு ஆள் விடாம பேசினாங்களாம். அந்த மேனேஜரு கைக்குட்டை நனையிற அளவுக்கு வேர்த்துப்போய் உக்காந்திருந்தானாம். அவனுக்கு ஆறுதல் வேற. எங்களப் பத்தி மட்டும் கதை விட்டாங்களாம். நாங்க ஓட்டுப் போட்டது இதுக்குத்தானா?"

யார் சொன்னது என்று பிரேமநாதன் கேட்டதற்கு, சொன்னவர் பொய் சொல்லத் தெரியாதவர், அவர் பேரை இழுக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். எப்போது சொன்னார் என்பதை மட்டும் மறைக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலமே போனில் சொல்லியாகிவிட்டது. தர்மராஜ் அடுத்த நாள் வந்து, யாரையாவது சரிக்கட்டலாமா என்று பார்த்திருக்கிறார். தோட்டம் ஏற்கெனவே சரிந்து கிடந்ததைக் கண்டு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"போன்லயே கதை கட்டியிருப்பான் சார்," என்று கணேசமூர்த்தி காதோடு சொன்னான்.

பிரேமநாதன் தலையாட்டவில்லை. "மூர்த்தி, நிறுவனத்தின் ஆள் பொய் கட்டினால் தன் மேலாளர் வியர்த்ததை ஏன் சொல்ல வேண்டும்? அதில் அவருக்கு என்ன லாபம்? இன்னொன்று யோசி. கோட்டு இல்லாமல் உட்கார முடியாத குளிர். அங்கே ஒருவருக்குக் கைக்குட்டை நனைகிறது. இனிக்க இனிக்கப் பேசினால் யாருக்காவது வியர்க்குமா?"

கணேசமூர்த்தி யோசித்தான். வியர்க்காது என்று ஒப்புக்கொண்டான்.

"அப்படியானால் அறைக்குள் இருந்த ஒருவர் பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். சொன்னதில் பொய் இல்லை, கேட்டதிலும் இல்லை. நடுவில்தான் ஏதோ புரண்டிருக்கிறது."

அன்று மாலை வேலை முடிந்ததும் லயத்து ஆட்களைக் கடை முன்னால் கூட்டச் சொன்னார். வள்ளிநாயகி முதலில் வர மறுத்தார்; உங்கள் ஒய்.பி. செய்ததாகச் சொல்லப்பட்டதை நேரில் பார்த்தவர் வாயாலேயே கேட்கப் போகிறோம் என்றதும் வந்து நின்றார். பிரேமநாதன் போனை ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தார். மறுமுனையில் பாலேஸ்வரி டீச்சர். தோட்டத்து ஆட்கள் சுற்றி நின்று கேட்கிறார்கள் என்பதைப் பிரேமநாதன் அவருக்கு முதலிலேயே சொல்லிவிட்டார். செல்லம் வெடுக்கென்று தலையைத் தூக்கிப் பார்த்ததிலிருந்தே, போன் செய்தவர் யார் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லுங்கள் டீச்சர் என்றார்.

"அண்டைக்குச் சொன்னதுதான். புனிதா கொம்பனிக்காரரை நல்லாப் பேசினவ. ஒரு ஆளையும் விடாமப் பேசினவ. ஆனாச் சத்தம் போடேல்லை. ஆறுதலா இருந்து, ஒண்டொண்டாக் கேட்டவ. மனேஜருக்கு வேர்த்துக் கொட்டினது. பிறகு தோட்டத்து ஆக்களைப் பற்றிக் கதைச்சவ."

கூட்டம் முணுமுணுத்தது. பார்த்தீங்களா என்பதுபோல் செல்லம் பிரேமநாதனைப் பார்த்தார். சுகுமாறன் இடிந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கணேசமூர்த்திக்கு டீச்சர்மேல் கோபம் கோபமாக வந்தது.

"டீச்சர், பேசினவ என்றால் என்ன? இங்குள்ளவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்."

"இதென்ன கேள்வி, பிரேமன்? பேசினவ எண்டால் ஏசினவ. கிழிச்சு விட்டவ. உமக்கும் தமிழ் மறந்து போச்சோ?"

"ஆறுதலா?"

"அவசரப்படாமல், நிதானமா."

"கதைச்சவ?"

"அதைத்தானே தோட்டத்து ஆக்கள் பேசினது எண்டு சொல்லுறவை. லயத்துப் பிள்ளையள் எந்த மண்ணிலே பிறந்ததுகள், யார் நட்ட மரத்துக்கு யார் காசு பார்க்கினம் எண்டு அவ கதைச்சதைக் கேட்டு எனக்கு அழுகை வந்திட்டுது. அதைத்தான் செல்லத்துக்குச் சொன்னனான்."

பிரேமநாதன் தன் வழக்கம்போல் நிதானமாகவே விளக்கினார். யாழ்ப்பாணத்துக் குடும்பமான டீச்சர் வீட்டுத் தமிழில் ‘பேசுவது’ என்றால் திட்டுவது. தோட்டத்துத் தமிழில் ‘பேசுவது’ என்றால் பேசுவதுதான். கம்பெனிக்காரரைப் பேசினார் என்று வந்த சொல், செல்லத்தின் வாயில் கம்பெனிக்காரனிடம் பேசினார் என்று மாறியது. நிதானம் ஆறுதல் சொன்னதாயிற்று. உருக்கமான உரை, கதை விட்டதாயிற்று. தனக்கு இது காலையிலேயே தட்டுப்பட்டிருக்க வேண்டும், தன் மனைவி கேட்ட கேள்விக்குக் கணேசமூர்த்தி சொன்ன பதிலைக் கேட்டபோதே என்றார்.

"அப்ப சார் என்னைய ஏசுனாரான்னா அக்கா கேட்டாங்க?" என்றான் கணேசமூர்த்தி. அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

செல்லம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வள்ளிநாயகி முன்னால் வந்து, காலையில் எத்தனை மணிக்குக் கார் வரும் என்று சுகுமாறனைக் கேட்டார்.

மறுநாள் நாடாளுமன்றக் கட்டட நடைபாதையில் சுகுமாறன் எல்லாவற்றையும் புனிதாவிடம் சொன்னார். எத்தனை வருட உழைப்பு, ஒரு சொல்லுக்காக இப்படிச் சந்தேகப்பட்டுவிட்டார்களே என்று கணேசமூர்த்தி ஆற்றாமையோடு சொன்னான். புனிதா சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை.

"அவங்க சந்தேகப்பட்டதுல தப்பே இல்லலா. கம்பெனிகிட்ட நல்லா பேசிட்டுப் போனவங்க எத்தனையோ பேர அந்தத் தோட்டம் பாத்திருக்கு. நானும் அதுல இன்னொருத்தின்னு நினைச்சிருப்பாங்க."

பிரேமநாதனுக்கு அந்தப் பெண்மேல் மரியாதை கூடியது. அதை அவர் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

விசாரணை தொடங்கியது. தலைவர் வள்ளிநாயகியைப் பேச அழைத்தார். அவர் எழுந்து, மலாயில், முதலில் ஒய்.பி. புனிதாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"அம்மா, அத நாம அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் புனிதா தமிழில். "வீட்டப் பத்திச் சொல்லுங்க."

வள்ளிநாயகி சொன்னார். மழை நாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில்தான் கூட்டம். பெரிய மேலாளர் தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு, கைப்பிள்ளையோடு நின்ற தன்னைக் காட்டி, இந்தப் பிள்ளையின் பிள்ளைகளும் இங்கேதான் இருப்பார்கள், வீடும் மண்ணும் உங்களுக்கே என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தக் கைப்பிள்ளைக்கு இப்போது மூன்று பிள்ளைகள். மூன்றும் அந்த லயத்தில்தான் தூங்குகின்றன.

அப்படி ஒரு பேச்சு எங்கள் கோப்புகளில் இல்லை என்றார் மேலாளர். தர்மராஜ் பக்கத்திலிருந்து தலையாட்டினார்.

புனிதா ஒலிவாங்கியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தார். "கோப்பில் இல்லை என்கிறீர்கள். நடக்கவில்லை என்கிறீர்களா?"

பதில் வரவில்லை. அவர் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த மௌனத்தில் ஒரு உரை நிகழ்த்தியிருப்பார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். தர்மராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேள்வி மேலாளருக்கு என்று தலைவர் தடுத்துவிட்டார்.

"நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்," என்றார் மேலாளர் கடைசியில். "பழைய ஆட்கள் சொல்லி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன்."

அது பதிவாயிற்று. குழு தன் முடிவைச் சொல்லும்வரை ஒரு குடும்பத்தையும் நகர்த்தக் கூடாது, வாக்கின்படி நிலத்தைப் பிரித்துக் கொடுக்க நிறுவனம் திட்டம் கொண்டுவர வேண்டும் என்றார் தலைவர். மேலாளர் சம்மதித்தார்.

வெளியே வந்ததும் சுகுமாறன் தோட்டத்துக்குப் போன் போடப் போனார். வள்ளிநாயகி அந்தப் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். மறுமுனையில் செல்லம் ஏதேதோ கேட்பது சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டது. வள்ளிநாயகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"செல்லம், கட்டி வச்ச சாமானெல்லாம் அவுத்து வைக்கச் சொல்லுடி. யாரும் எங்கயும் போக வேணாம்."