பச்சை ஸ்வெட்டர்

மதியம் இரண்டு மணிக்குப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு வீடு திரும்பிய டிரைவர், வழக்கம்போல பீரோவைத் திறந்து மனைவியின் பச்சை ஸ்வெட்டரில் முகம் புதைத்தார். புதைத்த வேகத்திலேயே எடுத்தார். ஸ்வெட்டர் வெதுவெதுவென்று இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றி மடித்து வைத்த மாதிரி.

அவளை அடக்கம் செய்து எட்டு மாதம். மற்ற துணிமணிகளை அவருடைய அக்கா மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டாள். இதை மட்டும் அவர் விடவில்லை. கல்யாணமான புதிதில் அவளே பின்னியது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. உங்களைப் பார்த்துக்கொண்டே பின்னினேன், அதுதான் கணக்குத் தப்பிவிட்டது என்று இருபது வருஷமும் அதே சாக்கைச் சொல்லிச் சிரிப்பாள்.

மங்கிப்போயிருந்த அவள் வாசனை மறுநாள் முழுசாகத் திரும்பியிருந்தது: தலைக்கு வைக்கும் எண்ணெய், குளியல் சோப்பு, வெங்காயம் நறுக்கிய கை. பீரோவைச் சாத்தப் போனார். ஆனாலும் சொந்தப் பெண்டாட்டிக்கு யாராவது பயப்படுவார்களா? ஒரு வாரம் ஓட்டமும் நடையுமாக வீடு வந்தார். கண்டக்டர் அடித்த ஜோக்கையெல்லாம் ஸ்வெட்டரிடம் சொன்னார்.

ஒன்பதாம் நாள் அதில் மருந்து நெடி.

அதற்கடுத்த நாள் காய்ச்சல் வியர்வை, கழுத்துப்பட்டி நனைந்திருந்தது. பிறகு கசப்பு டானிக். பிறகு வாந்தி. பிறகு, கம்பளியில் சிக்கிய கொத்து முடி. அந்த வரிசை அவருக்கு மனப்பாடம். ஏழு மாதம் கூட இருந்து பார்த்தது, இப்போது நாட்கணக்கில் ஓடியது.

அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, அவளுக்கு மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு."

மறுமுனையில் அக்கா அழ ஆரம்பித்தாள்.

அவளுடைய கடைசி நாளன்று அவர் வேலைக்குப் போயிருந்தார். "இன்னிக்கு மட்டும் இருங்களேன்," என்று அவள் கேட்டிருந்தாள். ஒரே ஒரு ட்ரிப், வந்துவிடுகிறேன் என்று கிளம்பியவர் திரும்பியபோது முகம்வரை போர்த்திவிட்டிருந்தார்கள். அந்தக் காலையின் டெட்டால் நெடி வியாழக்கிழமை பீரோவிலிருந்து வந்தது. அவர் லீவு சொன்னார். கதவைத் தாழிட்டார். ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

ஜன்னலில் நல்ல வெயில். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். மடியில் கம்பளியின் மார்புப் பக்கம் மெல்ல ஏறியது. இறங்கியது. நெஞ்சுக்குள் சளி கரகரக்கும் ஓசை. ஏறியது. வெகுநேரம் கழித்து இறங்கியது.

பிறகு ஏறவில்லை.

அவர் அழுதார். இந்த முறை அவள் தனியாகப் போகவில்லை. அழுகையின் ஊடே ஒரு நிம்மதிகூட வந்தது.

ஸ்வெட்டர் சில்லிட்டது. அதிலிருந்து வேறொரு வாடை. அவளிடம் அவர் அறியாத வாடை.

ஈர மண்.

அதற்கடியில் இன்னொன்று.

மூக்கைப் பொத்தினார். மடியில் கனம் கூடியது. எழப் பார்த்தார். முடியவில்லை. கம்பளிக்குள் ஏதோ புரண்டது.

வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. பச்சைக் கைகள் இரண்டும் அவர் இடுப்பைச் சுற்றிப் போய், முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், இறுக்கிக்கொண்டிருந்தன.