சிவப்புக் கேரியரைச் சாப்பிட்டது யார்?

"ஐயோ... செத்துட்டான்! என் தர்மன் செத்துட்டான்!"

ஆலத்தியூருக்கு அப்பால் இருந்த அந்தப் பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில், நட்டநடுப் பகலில், படப்பிடிப்புக்காக நிறுத்தியிருந்த கேரவனுக்குள்ளிருந்து அலறல் வெடித்தது.

அலறியவர் நடிகர் அரங்கா.

பால் தொடாத அரங்கா! தேன் தொடாத அரங்கா! தோல் செருப்புகூடப் போடாத அரங்கா! மூன்று வருடமாக 'வீகன்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த மகானுபாவர்!

கேரவன் தரையில் மேனேஜர் தர்மன். வாயில் நுரை. கண்கள் கூரையைப் பார்த்தபடி...

வெளியே இன்னொரு பிணம்.

வெளியே எறிந்திருந்த பாயச டப்பாவை நக்கிய தெருநாய், பத்தடி தள்ளிக் காலை விறைத்துக்கொண்டு கிடந்தது!

கேரியரைத் திரும்ப எடுத்துப் போவதற்காக மரத்தடியில் காத்திருந்த மேகலா அலறல் கேட்டு ஓடி வந்தாள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் 'மேகலா மெஸ்' நடத்துகிறவள். அந்தப் பாயசத்தைக் காய்ச்சியவள்!

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் வெள்ளைச்சாமி இறங்கினார். இரண்டு மணிக்கு அரங்கா கூட்டியிருந்த பிரஸ் மீட்டுக்காக வந்த டி.வி.க்காரர்கள், போனஸாகக் கிடைத்த கொலையை நாலு கேமராவில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க சார்."

"எனக்கு வச்ச விஷம் இன்ஸ்பெக்டர்!" அரங்கா குலுங்கிக் குலுங்கி அழுதார். "பச்சைக் கேரியர் எனக்கு. கீரை, வாழைப்பூ, முந்திரிப்பால் பாயசம். சிவப்புக் கேரியர் தர்மனுக்கு. மட்டன். அவன் மட்டனை முடிச்சுட்டு 'பாயசம் வாசனையா இருக்கே சார்'னான். எனக்குப் பசியில்ல. நீயே குடிடான்னு குடுத்துட்டேன்..."

"ஒங்களை யார் சார் கொல்லப் போறாங்க?"

அரங்காவின் விரல் நீண்டது.

மேகலாவை நோக்கி!

"நா எதுக்கு சார் கொல்லணும்?" பதறினாள் மேகலா.

ஒரு நிருபர் செல்போனை நீட்டினார். போன மாதம் ஒரு யூடியூப்காரனுக்கு மேகலா கொடுத்த பேட்டி. பெரம்பலூர்க் கல்லூரி விழாவில் 'கறி தின்பவன் பாதிக் கொலைகாரன்' என்று அரங்கா பேசிவிட்டுப் போனதும், மெஸ்ஸுக்கு வரும் பையன்கள் பாதியாகக் குறைந்திருந்த சமயம் அது.

செல்போனுக்குள் மேகலா சீறினாள். "அந்தாளு மட்டும் எங்கையில கெடைக்கட்டும். பாயசத்துல பேதி மாத்திரையப் போட்டுக் குடுத்துருவேன்!"

வெள்ளைச்சாமி நிமிர்ந்தார்.

"பேதி மாத்திரைன்னு சொல்லிட்டு வெஷத்தையே போட்டுட்டியா?"

"அய்யா, வாய்க்கொழுப்புல சொன்னது. நா உள்ள போனா எம்புள்ள பானுப்ரியா அனாதையாயிரும்யா. பிளஸ் டூ படிக்கிது. எங்களுக்கு வேற நாதியில்ல."

"ஜீப்ல ஏறு."

மேகலாவுக்கு உலகமே இருண்டது. இத்தனை பேருக்குச் சோறு போட்ட கை. அந்தக் கைக்கு விலங்கா?

அப்போதுதான் தர்மனின் உடலை ஸ்ட்ரெச்சரில் இறக்கி ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். காற்றில் துணி விலகியது. சட்டைப் பொத்தான் இரண்டு அவிழ்ந்திருக்க, வெறும் கழுத்து தெரிந்தது.

மேகலா உற்றுப் பார்த்தாள்.

வெறும் கழுத்தா?

"சார்... ஒரே நிமிசம். அந்தச் செவப்புக் கேரியரை நா பாக்கணும்."

"எதுக்கு?"

"பாத்துட்டு உண்மையச் சொல்லிடுறேன்."

போலீஸ்காரர் ஒருவர் கையுறையோடு தூக்கிக் காட்டினார். மட்டன் சுக்கா வைத்த தட்டு வழித்துத் துடைக்கப்பட்டிருந்தது. நல்லி எலும்பில் மஜ்ஜை துளிகூட மிச்சமில்லை. ரசித்து, உறிஞ்சி, ஊதிப் பார்த்து வைத்த எலும்பு.

மேகலா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"ஆமா சார். நாந்தான் வெஷம் வச்சேன்."

கேமராக்கள் முண்டியடித்தன!

"ஆனா பாயசத்துல மட்டுமில்ல. செவப்புக் கேரியர்லயும் வச்சேன். மட்டன் சுக்காவுல!"

"செத்தவனுக்கு ரெண்டு தடவை வெஷமா?" குழம்பினார் வெள்ளைச்சாமி.

"அது மெதுவா வேல செய்யும் சார். ஒன்றரை மணி நேரம் ஆவும். மொதல்ல நாக்கு மரத்துப்போவும். அப்பறம் வேர்க்கும். கை நடுங்கும். அதுக்குள்ள ஊசி போட்டாப் பொழைக்கலாம். தாண்டிருச்சுன்னா..."

அரங்கா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

நாக்கை வெளியே நீட்டி உள்ளே இழுத்துப் பார்த்தார்.

"ம... மணி என்ன?"

"ரெண்டு இருபது சார்."

"ஒன்றரை மணி நேரம்னா... ஐயோ!" அரங்கா ஆம்புலன்ஸை நோக்கி ஓடினார். "செத்தவனை எறக்குங்கய்யா! என்னை ஏத்துங்க!"

வெள்ளைச்சாமி குறுக்கே வந்து நின்றார்.

"மட்டன் சாப்பிட்டது தர்மன்தானே சார்? ஒங்களுக்கு எதுக்கு ஆம்புலன்ஸ்?"

"நான்தான்யா தின்னேன்! தினமும் நான்தான் தின்பேன்! அவன் பேர்ல வாங்கி நான் தின்னுட்டு, என்னோட புல்லு பூண்டை அவனுக்குத் தள்ளிடுவேன்! போதுமா? வண்டிய எடுங்கய்யா!"

நாலு கேமராவும் அதை ஒரு சொல் விடாமல் விழுங்கின.

"பயப்படாதீங்க சார்." மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சுக்காவுல மொளகும் சோம்புந்தான் போட்டேன். வேற ஒண்ணுமில்ல."

அரங்காவின் ஓட்டம் ஆம்புலன்ஸ் படியிலேயே நின்றது.

"என்னம்மா இது?" என்றார் வெள்ளைச்சாமி.

"நா சோறு கொண்டாந்தப்போ தர்மன் தம்பி கழுத்துல துளசிமணி மாலை இருந்துச்சு சார். சட்டைக்குள்ள மறைஞ்சிருந்ததை எடுத்துக் காட்டுனாரு. 'அக்கா, காலையிலதான் சிறுவாச்சூர்ல மாலை போட்டேன். மலைக்குப் போறேன். கறிக் கேரியரை நா தொடமாட்டேன், நீங்களே உள்ள வச்சிருங்க'ன்னாரு. மாலை போட்டவரு மட்டனை எப்படி சார் தின்பாரு? அப்ப நல்லி எலும்பை உறிஞ்சது யாரு? மாலையக் கழட்டுனது யாரு?"

வெள்ளைச்சாமிக்குப் பொறி தட்டியது.

"பச்சைக் கேரியர் தர்மன் வயித்துக்குத்தான் போவும்னு தெரிஞ்ச ஒரே ஆள்..."

அரங்காவின் கதர் ஜிப்பா பையில் கைவிட்டார். அறுந்த துளசிமணி மாலை வெளியே வந்தது!

அரங்கா மண்ணில் சரிந்து உட்கார்ந்தார்.

"கார்த்திகை பொறந்ததும் மாலை போடுவேன், அதுக்கப்பறம் ஒங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்னு போன வாரமே சொன்னான். இன்னிக்கு பிரஸ் மீட்ல எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன்னான். எம்பேரு என்னாவுறது? பாயசத்துல நான்தான் விஷத்தைக் கலந்தேன்."

"அதான் பேதி மாத்திரை பேட்டி குடுத்தவளாப் பாத்து ஆர்டர் குடுத்தீங்களா?" மேகலா கத்தினாள். "பழிய எந்தலையில போட! எத்தனையோ மெஸ்ஸு இருக்க, என்னையத் தேடி வந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்!"

ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்பட்டது. அவளை 'அக்கா' என்று கூப்பிட்டவன் மலைக்குப் போகாமலே போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் குடித்தது அவள் கையால் காய்ச்சிய பாயசம். தான் தப்பித்ததற்குச் சந்தோஷப்பட முடியவில்லை மேகலாவால். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெள்ளைச்சாமி அரங்காவுக்கு விலங்கை மாட்டினார்.

"வாங்க சார். ஜெயில்ல ஞாயித்துக்கிழமை கோழிக்கறி போடுவாங்க. யாரு பேர்லயும் வாங்க வேணாம்... ஒங்க தட்டை நீங்களே நீட்டலாம்!"