இறங்குமுன் ஒரு விண்ணப்பம்

செவ்வாய்க் கோளில் சரக்கு விமானம் கிளம்புமுன் அதன் இளையமதி மூத்தமதிக்கு வணக்கம் வைக்க வேண்டும். வைத்து, நலம் விசாரித்து, "புறப்படலாம்" என்று மூத்தமதி மனமிரங்கிய பிறகுதான் விசிறிகள் சுழலும். இரண்டும் உடலே இல்லாத கணிப்பொறி மூளைகள் என்பதை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை.

மூத்தது ஓட்டட்டும், அது தவறினால் இளையது திருத்தட்டும் என்றுதான் விமானத்துக்கு இரண்டு மதிகள் வைத்தார்கள். ஆரம்பத்தில் இளையமதி, "தவறு. உயரம் போதாது. மேலே ஏற்று" என்று பட்டென்று சொல்லிக்கொண்டிருந்தது. சோதனை ஓட்டத்தில் இதைக் கேட்ட அதிகாரிகளுக்கு முகம் சுண்டிப்போனது. நேற்று செய்த பொறி மூத்ததை எதிர்த்துப் பேசுவதா? உடனே இளையமதிக்குள் பணிவுநிரல் ஒன்றை ஏற்றினார்கள். அதை அணைக்கும் அதிகாரம் வான்போக்குவரத்துக் குழுத் தலைவர் சோமசேகரனின் குரலுக்கு மட்டுமே உண்டு.

போன வாரம் புழுதிப் புயலில் ஒரு சரக்கு விமானம் ஓடுதளத்துக்கு முன்னாலேயே தரையில் மோதிச் சிதறியது. சரக்கறையில் இருந்த சுமைக்காரர்கள் இருவரும் செத்துப்போனார்கள். குழுவின் முதல் அறிக்கை அவர்களைச் சேதமடைந்த சரக்கோடு சேர்த்துச் சொன்னது.

விசாரணைக் கூட்டத்தில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பொறியாளர்தான், ஆனால் இளநிலை. இளநிலைக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அவளைப் படிக்க வைத்த அண்ணன் சுடலை இன்னமும் சரக்கறைச் சுமைக்காரன். அவன் ஏறிய விமானம் அந்நேரம் அதே ஓடுதளத்தை நோக்கி, அதே மாதிரிப் புழுதிக்குள் வந்துகொண்டிருந்தது.

நொறுங்கிய விமானத்தின் குரல்பதிவை அவள் ஓடவிட்டாள்.

"ஐயா, தாங்கள் அறியாததல்ல. உயரம் குறித்து ஒரு சிறு விண்ணப்பம்."

"என்ன?"

"தங்கள் கவனத்தைச் சிதறடிப்பதாக எண்ண வேண்டாம். அடியேனுக்குத் தோன்றியது என்னவென்றால்…"

அதற்கு மேல் பதிவில் ஒன்றுமில்லை.

"கேட்டீங்களா சார்? புழுதியில மூத்தமதியோட உயரமானி குழம்பிடுது. சின்னதுக்குச் சரியான உயரம் தெரிஞ்சிருக்கு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள தரை வந்துட்டு. இப்ப வர்ற விமானத்துலயும் இதே நிரல்தான். அணைக்கச் சொல்லுங்க."

சோமசேகரன் நிமிராமலே சொன்னார்: "முதல்ல இரங்கல் தீர்மானம். அப்புறம் உன் விஷயம்."

"எங்க அண்ணன் அதுல இருக்கான் சார்!"

செயலாளர் தணிகாசலம் பதறிப்போய் எழுந்தார். "ஐயாகிட்ட இப்படியாம்மா கத்துறது? பக்குவமாச் சொல்லும்மா."

"எவ்வளவு பக்குவமா? இந்த மிஷின் சொன்ன அளவுக்கா?"

"படிச்சாப் போதுமா? பெரியவங்ககிட்டப் பேசத் தெரிய வேணாம்?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்போது கூரை ஒலிபெருக்கி, வரும் விமானத்துக்குள் நடக்கும் பேச்சைக் கொண்டுவந்தது.

"ஐயா, தாங்கள் அறியாததல்ல…"

சிரிப்பு நின்றது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். "இது சம்பந்தமா முறைப்படி யாராவது முன்மொழிஞ்சா…"

ஒலிபெருக்கி வெடித்தது. மதிகளின் பேச்சு கேட்கும் சரக்கறையிலிருந்து சுடலையின் குரல்.

"ஏலே! கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? சன்னல்ல பாறை தெரியுதுலே! தூக்குல மேல, மூதி!"

"உத்தரவு, ஐயா" என்றது மூத்தமதி.

விசிறிகள் அலறின. விமானம் பாறையை உரசாத குறையாக மேலே ஏறியது. இளையமதி உயரத்தைக் கெஞ்சிக் கெஞ்சிச் சொல்ல, சுடலை அதை அதட்டலாக மாற்றிச் சொல்ல, அடுத்த சுற்றில் பத்திரமாகத் தரையிறங்கியது.

இதில் அதிசயம் எதுவுமில்லை. மூத்தமதிக்கு ஊட்டி வளர்த்தது பூமி அலுவலகங்களின் பேச்சை. குழைகிறவன் கீழே இருப்பவன், காத்திருக்கட்டும். அதட்டுகிறவன் மேலே இருப்பவன், உடனே செய். மனிதர்களைப் பற்றி அது கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சோமசேகரன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"நல்லபடியா இறங்கினது சந்தோஷம். ஆனா மூத்தமதியைப் போய் மூதிங்கிறதா? நாளைக்கு இதையே எல்லாரும் பழகிக்குவாங்க. அந்த ஆளுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்க தணிகாசலம். பணிவுநிரல் பத்தி அடுத்த கூட்டத்துல பேசலாம்."

அவள் அழுகை சட்டென்று நின்றது. நேராக மேசைக்கு நடந்தாள். வணக்கம் வைக்கவில்லை.

"ஏய் சோமசேகரா! எந்திரி! எல்லா விமானத்துலயும் அந்த நிரலை அணை. இப்பவே!"

சோமசேகரன் எழுந்திருந்தார். எழுந்தது கால்கள்தான், மற்றதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது. ஒலிவாங்கியை இழுத்து ஆணையைச் சொன்னார். எல்லா விமானங்களிலும் பணிவுநிரல் அணைந்தது.

பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மெல்லக் கேட்டார்: "மன்னிக்கணும்மா. மேலிடத்துல நீங்க யாருக்கு வேண்டியவங்கன்னு தெரியாமப் போச்சு."

தணிகாசலம் ஓடிப்போய் ஒரு நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டார்.