திறக்காத கை

தேநீர்க் கோப்பையில் கறுப்பு விரலடையாளங்கள் இருந்தன. சிவபாலன் அதை இன்னும் தொடவேயில்லை.

"மைக்கையோட கோப்பையைத் தொடாதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது தம்பி," என்றாள் வீட்டுக்காரி நேசமலர். "நாளைக்குச் சுவரிலயும் வைப்பீர்."

அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். சுத்தமாக இருந்தன.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று கொழும்பு வெள்ளவத்தை முழுவதும் வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஜன்னல்களில் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தார்கள். மாலை மங்கியதுமே தெரு செத்துவிடும். தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருக்க, அறைக்குள் மண்ணெண்ணெயோடு இன்னொரு மணமும் இருந்தது. உப்பில் ஊறி அழுகிய மணம். காலையில் பிரேத அறையிலிருந்து சட்டையோடு வந்ததாக்கும் என்று சட்டையை மாற்றினான். மணம் போகவில்லை.

சட்டம் படிப்பவர்களுக்கு அங்கேதான் அன்று செய்முறைப் பரீட்சை. மட்டக்குளிக் கடற்கரையில் பிணமாய் ஒதுங்கிய, பெயர் தெரியாத ஒருவனின் விரல் ரேகைகளை எடுக்க வேண்டும். இடக்கை இறுக மூடியிருந்தது. மணிக்கட்டை உள்ளே மடக்கினால் விரல்கள் தாமாக விரியும் என்பது பாடம். விரியவில்லை. தோற்றால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும், படிப்பும் அதோடு சரி. காவலாளி அப்பால் போன நேரம் பார்த்துத் தன் இடக்கை விரல்களையே மையில் உருட்டி அட்டையில் பதித்தான். பெயரில்லாதவனுக்கு யாருடைய ரேகையாக இருந்தால் என்ன? விரிவுரையாளர் பாராட்டினார்.

கோப்பையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தான். பெருவிரல் அடையாளத்தின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அவனுடையதுதான். நிம்மதியாக இருந்தது. மறந்துபோய்த் தொட்டிருக்க வேண்டும். ஒத்துப்பார்க்கத் தன் இடக்கைப் பெருவிரலைக் கண்ணாடியின் கீழ் வைத்தான்.

தழும்பு இல்லை. ரேகையும் இல்லை.

அடுத்த விரல். அதற்கடுத்தது. எல்லாம் மெழுகுபோல வழுவழுப்பு.

வாசலிலிருந்து நேசமலரின் குரல் வந்தது.

"தம்பி, உம்மைத் தேடி ஆரோ வந்து நிக்கினம். தெப்பமா நனைஞ்சுபோய். என்ன கேட்டாலும் கதைக்கினம் இல்லை. உள்ள வரச் சொல்லட்டே?"

மழை பெய்யவில்லை.

வாசல் பக்க ஜன்னலில் கடதாசியின் ஓரத்தை விலக்கினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூடிய இடக்கை ஒன்று. ஊதி, வெளிறி.

மணிக்கட்டு உள்ளே மடங்கியது. விரல்கள் விரிந்தன. ஒவ்வொன்றாக.

பெருவிரல் கண்ணாடியில் படிந்தது. நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, பாடத்தில் சொன்னபடியே, மெதுவாக உருண்டது.

நடுவில் தழும்பு.