இடது பின்கதவு

கதவுகள் எல்லாம் மூடியிருக்கும்போது காரின் உள்விளக்கு எரியக் கூடாது. பம்பாயில், மாட்டுங்கா அபயாம்பாள் மாமியின் பழைய கறுப்புக் காரில் எரிந்தது. எப்போதும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், செம்பூரில் மகளைப் பார்த்துவிட்டு மாமி திரும்பும்போது, உப்பளத்துச் சதுப்பு வரும் இடத்தில் மட்டும். ஒரு ஆள் ஏறி உட்காரும் நேரம் எரியும், அணையும். பிறகு மாட்டுங்காவில் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் இன்னொரு தடவை எரியும்.

தாராவி முகப்பில் கார்களுக்கு மின்சார வேலை பார்க்கும் பிரம்மநாயகத்துக்கு இது கை அலம்பும் நேரத்தில் முடிக்கிற வேலையாகத்தான் முதலில் தெரிந்தது. அந்த மழைக்காலம் முழுக்க வண்டி அவரிடம் வந்துவந்து போனது. கோளாறு பிடிபடவில்லை.

அந்த விளக்கின் ஏற்பாடு மிகவும் எளிமையானது. பாட்டரியிலிருந்து ஒரு வயர் நேராக விளக்குக்கு வருகிறது. விளக்கிலிருந்து இன்னொரு வயர் கூரைத் துணிக்குள்ளே ஓடி, இடது பின்கதவுத் தூணில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தானில் முடிகிறது. கதவு மூடியிருந்தால் அது பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும். வயர் எதையும் தொடாது. கதவைத் திறந்தால் ஸ்பிரிங் பொத்தானை வெளியே தள்ளும். வயர் வண்டியின் இரும்பு உடம்பைத் தொடும். இரும்பு உடம்பு பாட்டரியின் மறுமுனையோடு சேர்ந்திருக்கிறது. வட்டம் முழுமையாகும், விளக்கு எரியும்.

ஆக, கதவு மூடியிருந்தும் எரிகிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்று: பொத்தான் சிக்கியிருக்க வேண்டும், வயரின் தோல் உரிந்து எங்கோ இரும்பில் உரச வேண்டும், அல்லது விளக்கின் அடியிலேயே கசிவு இருக்க வேண்டும். பிரம்மநாயகம் பொத்தானை மாற்றினார். விளக்கை மாற்றினார். தூணுக்குள் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் போட்டார். வண்டியைக் குழிகளில் விட்டுக் குலுக்கினார். குழாயைப் பிடித்துக் கூரைமேல் தண்ணீர் அடித்தார். ஒன்றும் இல்லை. வந்துபோகும் கோளாறுக்கு அதுதான் குணம். தேடுகிறவன் முன்னால் அது தலைகாட்டாது.

"வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கு அண்ணாச்சி," என்றான் டிரைவர் பூதத்தான். மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுச் சாவகாசமாகத்தான் சொன்னான்.

"பேய்க்கு எதுக்குலே வெளக்கு? இருட்டுலதான அதுக்குச் சோலி."

"அதை அதுகிட்டதான் கேக்கணும். போன வாரம் போலீஸ்காரன் பிடிச்சுட்டான். 'பத்தி பந்த் கரோ', வெளக்கை அணைன்னு கத்துறான், இது அணைய மாட்டேங்குது. பாகிஸ்தான்காரன் பிளேனுக்கு சிக்னல் காட்டுறியாங்கான்."

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் ஊரே விளக்கை மறைத்துக்கொண்டது. கார்களின் முன்விளக்கில் பாதிக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள்.

"பல்பைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்ட வேண்டியதுதான?"

பூதத்தானின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "ஒரு வாரம் கழட்டினேன் அண்ணாச்சி. வெளக்கு எரியல. ஆனா ஏறினது ஏறிட்டுது. ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. அன்னைக்குத்தான் அம்மாவுக்குக் கையில அந்தக் குளிர் வந்தது."

மாமியின் இடது கை குளிர்ந்துபோயிருந்தது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, இப்போது தோள்வரை. டாக்டர் நாடி பார்த்தார், ஊசி போட்டார், ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார். தோளுக்கு அடுத்தது நெஞ்சு என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமியே பட்டறைக்கு வந்துவிட்டாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். கணவர் போய் இரண்டு வருஷம். இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"பிரம்மநாயகம், வெளக்கை நீ எடுத்துடப்படாது. வெளியிலே தெரியாதபடிக்குக் காகிதம் ஒட்டிக் குடு, போறும்."

"கோளாறை வச்சுக்கிட்டே ஓட்டவா சொல்லுதீங்க அம்மா?"

"கோளாறுன்னு யார் சொன்னா? அது எரிஞ்சாத்தான் அவர் ஏறிட்டார்னு நேக்குத் தெரியறது."

பிரம்மநாயகம் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். பட்டறையில் எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இவளிடம் மட்டும் அதை இதுவரை கேட்டதில்லை.

"இது ஆரம்பிக்கிறதுக்கு முந்தி என்ன நடந்துச்சு அம்மா?"

மாமி சொன்னாள். ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை உப்பளத்துப் பக்கம் டயர் பஞ்சர். பூதத்தான் பின்னால் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தான். தூறல். மாமி உள்ளே தனியாக இருந்தாள். இடது ஜன்னலுக்கு வெளியே யாரோ நனைந்துகொண்டு நிற்பதுபோல் தோன்றியது. டயர் மாற்றும்போதெல்லாம் அவள் கணவர் அப்படித்தான் வெளியே நிற்பார். கதவைத் திறந்து, "நனையாதேங்கோ, ஏறிக்கோங்கோ," என்றாள்.

"அன்னிலேர்ந்து வாரா வாரம் வரார். ஆத்து வாசல் வரைக்கும் வருவார். போய்ட்டு வாங்கோன்னு அனுப்பிச்சுடுவேன்." அவள் குரலில் ஒரு புதுப்பெண்ணின் வெட்கம் இருந்தது. "மஹாளய பட்சம் நடக்கறது. பெரியவா எல்லாம் ஆத்தைத் தேடி வர நாள். இன்னிக்கு அவரை உள்ளே கூப்பிடப் போறேன்."

பிரம்மநாயகம் பூதத்தானைப் பார்த்தார். பூதத்தான் தரையைப் பார்த்தான்.

"நானும் கூட வாரேன் அம்மா," என்றார் பிரம்மநாயகம். "ஓடுற வண்டியிலதான் பார்க்கணும்."

கிளம்புமுன் அவர் ஒரு காரியம் செய்தார். கூரைக்குள் மறைந்திருந்த பழைய வயரை அடியோடு பிடுங்கினார். விளக்கிலிருந்து புது வயர் ஒன்றை, கண்ணுக்குத் தெரியும்படி வெளியாகவே முன்சீட் வரை இழுத்தார். அதன் முனையைப் பொத்தானோடு சேர்க்கவில்லை. காலித் தீப்பெட்டி ஒன்றுக்குள் வைத்து மூடி, மடியில் வைத்துக்கொண்டார். இனி அந்தக் கதவையே பெயர்த்து எடுத்தாலும் விளக்கு எரிய முடியாது. வட்டம் அவர் மடியில் அறுந்து கிடந்தது.

செம்பூரிலிருந்து திரும்பும்போது மழை விட்டிருந்தது. வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோல் மங்கியிருந்தது. பூதத்தான் ஓட்டினான், பிரம்மநாயகம் அவனுக்கு இடப்புறம், மாமி பின்சீட்டில் வலது ஓரமாக, இடது பக்கம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். வீடுகள் குறைந்தன. சாலையின் இருபுறமும் சேறும் தேங்கிய நீரும். ஈர உப்பின் வாடை உள்ளே வந்தது. அதோடு இன்னொன்றும்: வாடிய மாலையை வெகுநாள் தண்ணீரில் போட்டு வைத்ததுபோல்.

தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஓர் இடத்தில் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன.

"இங்கதான்," என்றான் பூதத்தான், உதடு அசையாமல்.

விளக்கு எரிந்தது.

விளக்கில் ஒட்டிய பழுப்புக் காகிதத்துக்குள்ளிருந்து மங்கலான வெளிச்சம். பிரம்மநாயகம் மடியைப் பார்த்தார். தீப்பெட்டியைத் திறந்தார். செம்பு முனை அட்டைமேல் அப்படியே கிடந்தது. எதையும் தொடவில்லை.

பின்னால் கதவு ரப்பர் பிரியும் ஓசை கேட்டது. கதவு திறக்கவில்லை. ஓசை மட்டும்.

சீட் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக முனகின. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பூதத்தான் ஸ்டியரிங்கை வலப்புறம் பிடித்து இழுத்தான்.

விளக்கு அணைந்தது.

"வந்துட்டேளா," என்றாள் மாமி மெல்ல. தலைப்புக்குள்ளிருந்து இடது கையை எடுத்துக் காலியான சீட்டின்மேல் வைத்தாள்.

பிரம்மநாயகம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் சீட்டின் ரெக்சின் உறை கனமாக உள்வாங்கியிருந்தது. அந்தப் பள்ளத்தில், எங்கிருந்தோ, கலங்கிய தண்ணீர் ஊறிக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

பயந்தபோது அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். வேலையைப் பற்றி யோசித்தார். ஒரு பழைய பாகத்தையும் புதுப் பாகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல் மனசுக்குள் ஒப்பிட்டார். ஏதோ ஒன்று பொருந்தவில்லை.

"அம்மா," என்று கிசுகிசுத்தார், "ஐயா இந்த வண்டியில எங்க உக்காருவாங்க?"

"முன்னாடிதான். இப்போ நீ உக்காந்திருக்கியே, அங்கேதான். பின்னாடி உக்காந்தா அவருக்குத் தலை சுத்தும். ஒரு நாள்கூட..."

அவள் நிறுத்தினாள்.

"ஒரு நாள்கூட பின்னாடி உக்காந்ததில்லை," என்றாள். குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. சீட்டிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள்.

கை வரவில்லை.

"பிரம்மநாயகம்... பிடிச்சிண்டிருக்கு."

"பேசாம இருங்க. பூதத்தான், நிறுத்தாத. ஓட்டு."

சதுப்பைத் தாண்டிச் சயான் பகுதி வந்தது. விளக்கில்லாத கடைகள், நிழல்களாக நகரும் மனிதர்கள். மாட்டுங்காவின் மரங்களுக்கடியில் வண்டி நுழைந்தபோது மாமிக்கு மூச்சு விடுவதே சிரமமாயிருந்தது. ஒவ்வொரு மூச்சும் குளிர்காலத்து விடியலில்போல் வாயிலிருந்து வெள்ளையாக வந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது.

விளக்கு எரிந்தது. ரப்பர் பிரிந்தது. ஆனால் சீட்டின் பள்ளம் எழும்பவில்லை.

அது இறங்கவில்லை. காத்திருந்தது.

மாமி இன்று உள்ளே கூப்பிடப் போவது அதற்குத் தெரிந்திருந்தது.

தெருமுனையிலிருந்து விசில் கேட்டது. "ஏய் காடிவாலா! பத்தி பந்த் கரோ!"

பிரம்மநாயகம் தன் மடியிலிருந்த அறுந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் விளக்குக்குப் போய்ச் சேர்வது மட்டும் போதாது. அது திரும்பி வர வழி இருக்க வேண்டும். இந்த விளக்குக்கு வயர் இல்லை. பிறகு வழி எது? ஒரு தடவைதான் அவள் அதை ஏறச் சொன்னாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் இந்த வாசலில் நின்று, நம் வீடுகளில் யாரை அனுப்பினாலும் சொல்வதைச் சொல்லியிருக்கிறாள். போய்ட்டு வாங்கோ. அது போனது. சொன்னபடியே வந்தது.

"அம்மா, கேளுங்க. உள்ள வான்னு சொல்லாதீங்க. போய்ட்டு வான்னும் சொல்லாதீங்க. போன்னு சொல்லுங்க. அது மட்டும்."

"அப்படி நான் யாரையும் சொன்னதில்லையேப்பா." அவள் அழுதாள். "பிச்சைக்காரனைக்கூட... ஒருவேளை அவராவே இருந்தா? அவரைப் போய் எப்படிடா போன்னு..."

"ஐயா உங்க கையை இப்படிப் பிடிச்சிருப்பாங்களா?"

அவள் இடப்பக்கம் முகத்தைத் திருப்பி, அங்கே முகம் இருக்க வேண்டிய உயரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவள் என்ன பார்த்தாள் என்பதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

"போ," என்றாள்.

தண்ணீர் சொட்டும் சத்தம் நின்றது.

"போ!"

ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக எழும்பின. வண்டி நிமிர்ந்தது. விளக்கு அணைந்தது. மாமியின் கை துவண்டு மடியில் விழுந்தது. பூதத்தான் ஓடிவந்து வலது கதவைத் திறந்து அவளைத் தாங்கி இறக்கினான். சீட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

கையில் சூடு திரும்ப நாளாயிற்று. முதலில் தோள், பிறகு முழங்கை, கடைசியாக விரல்கள். மாமி நன்றாகிவிட்டாள். ஆனாலும் செம்பூரில் மகள் இருக்கிறாள். வேறு சாலை சுற்று. அதே வழியில்தான் போய்வர வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரம்மநாயகமும் கூடப் போனார். உப்பளத்துப் பக்கம் தவளைகள் நின்றன. விளக்கு எரியவில்லை. வண்டியும் சாயவில்லை. பூதத்தான் மூச்சை விட்டான்.

அப்போது இடது பின்கதவின் வெளிப்பிடி மெதுவாகக் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. ஓடும் வண்டியில். பிடி மேலே போனது. மறுபடி இறங்கியது. சதுப்பு முடியும் வரை அது கதவைத் திறக்கப் பார்த்துக்கொண்டே கூட வந்தது.

கதவு திறக்கவில்லை. கிளம்பும்போதே பிரம்மநாயகம் அதை உள்ளிருந்து பூட்டியிருந்தார். ஏறச் சொல்லும் சொல் இல்லாமல் இனி கதவைத் திறந்துதான் அது ஏற முடியும்.

மறுநாள் காலையில் அவர் பழைய வயரைப் பழையபடி கூரைக்குள் ஓட்டி, பொத்தானோடு இணைத்து, பூதத்தானிடம் சாவியைக் கொடுத்தார்.

"வண்டியில கோளாறு இல்ல. செம்பூர்ல கிளம்பும்போது இடது பின்கதவைப் பூட்டிரு. உப்பளத்துல என்ன ஆனாலும் நிறுத்தாத. சயான் வர்ற வரைக்கும் யாரும் யாரையும் 'வா'ன்னு சொல்லக் கூடாது. அப்படிச் செஞ்சா வெளக்கு எரியாது."